இன்னிக்கு எத்தினி கம்பம்?

நடக்கும்போது உங்களுக்குக் கெண்டைச்சதை வலிக்கிறதா? நின்றால் அடங்கிவிட்டு, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறதா? அப்படியென்றால் இதைக் கடைசி வரைக்கும் படியுங்கள். மற்றவர்கள் உங்கள் இஷ்டம். நான் எழுதிப் பழகியவன் இல்லை. ரயில் பாதையில் கீமேனாக இருந்தவன். இப்போது திண்டிவனம் ஸ்டேஷனில் வெயிட்டிங் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

கீமேன் என்றால் பலருக்குத் தெரியாது. தண்டவாளத்தை அடியில் இருக்கும் இரும்புக் கட்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்க ஒரு ஆப்பு இருக்கும். அதற்குத்தான் கீ என்று பேர். வண்டிகள் அதிர அதிர அது நழுவி வெளியே வரும். தினமும் ஒருத்தன் தோளில் சுத்தியலும், கையில் சிவப்பு பச்சைக் கொடியுமாக நடந்து போய், நழுவியதை எல்லாம் அடித்து உள்ளே தள்ள வேண்டும். திண்டிவனத்திலிருந்து மயிலம் பக்கமாக ஒரு துண்டு என் பங்கு. போக வர நடை. வெயிலானாலும் மழையானாலும் நடை. பதினாறு வருஷம் அப்படி நடந்தவன் காலுக்குத்தான் இந்தக் கதி வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாசம் அது தொடங்கியது. எங்கள் பாதை கரண்டு வண்டி ஓடும் பாதை. ஓரமாக இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஸ்டேஷன் எல்லையைத் தாண்டி நாலாவது கம்பத்தில் என் இடது கெண்டைச்சதையை, ஈரத்துணியைப் பிழிவது போல் யாரோ முறுக்கினார்கள். நின்றேன். ஒரு பீடி பற்றவைத்தேன். அது முடிவதற்குள் வலி போய்விட்டது. நடந்தேன். எட்டாவது கம்பத்தில் மறுபடி வலி, மறுபடி பீடி. பீடி குடித்தால் வலி போகிறது என்று இரண்டு மாசம் நம்பினேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதிலிருந்து நாளைக்கு இரண்டு கட்டு ஊதியவனுக்கு வேறு எப்படி யோசனை ஓடும்?

என் மனைவி பிலோமினா விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டாள். எங்கள் பாதை ஆட்களுக்குத் தலைவரான கேங் மேஸ்திரி வாயுப் பிடிப்பு என்றார், பூண்டு தின்னச் சொன்னார். தின்றேன். ஊரே என் வாய் நாற்றத்துக்கு ஒதுங்கியதுதான் மிச்சம். வலி அதே நாலாவது கம்பத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் மேஸ்திரியே ஒருநாள் நான் நின்று நின்று போவதைப் பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு அறுவை டாக்டர் இருக்கிறார், கால் நரம்புக்குக் கெட்டிக்காரர், போய்ப் பார் என்று அனுப்பிவைத்தார்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தேன். எல்லோரும் என் வயதுக்காரர்கள், நாற்பதுக்கு உள்ளே. ஒருத்தனுக்குக் கட்டைவிரல் இல்லை. ஒருத்தனுக்குப் பாதமே இல்லை. எல்லோர் சட்டைப் பையும் நெருப்புப் பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது. பிலோமினாவும் அதைப் பார்த்தாள். அவள் என் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, எழுந்து போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் என் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கணுக்காலின் உள்பக்கம் வைத்தார். அங்கே எல்லோருக்கும் நாடி துடிக்கும். எனக்குத் துடிக்கவில்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பாதம் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்தது. தொங்கவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மிளகாய்ச் சிவப்பாக மாறியது. ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பேரைச் சொன்னார், அது என் வாயில் நுழையவில்லை. வார்டு ஆட்கள் அதற்கு வைத்திருந்த பேர் பீடிக்கால். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்கிற நோய் அது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கால் தப்புமா? அவர் ஒரு காகிதத்தில் கால் மாதிரி கோடு போட்டுக் காட்டினார்.

"சும்மா நிக்கற சதைக்கு கொஞ்சம் ரத்தம் போதும் சூசை. நடந்தா ஜாஸ்தி கேக்கும். உனக்கு பெரிய குழாய் அடைஞ்சிக்கினு இருக்குது, கேட்டத குடுக்க முடியல. பிராணவாயு பத்தாம சதைக்கு மூச்சு முட்டுது. அதான் வலி. ஆனா மூச்சு முட்டுச்சின்னா சதை சும்மா இருக்காது. பெரிய வாய்க்கால் அடைஞ்சா தண்ணி வரப்பு ஓரமா சின்னச் சின்னதா வழி பண்ணிக்காது? அந்த மாதிரி பக்கத்துல இருக்கற மயிரிழைக் குழாயெல்லாம் பெருசாவும், புதுசாவும் கிளைக்கும். வலி வர்ற வரைக்கும் நட. வந்தா நில்லு. அடங்கினதும் திரும்ப நட. தெனமும்."

வலிதான் மருந்து என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் எனக்குப் புரிந்தது. என் வேலையே நடைதானே. பிறகு அவர் பீடிக்கு வந்தார். ஒன்றே ஒன்று குடித்தாலும் அந்தப் புதுக் குழாய் சுருங்கிச் செத்துப்போகும் என்றார். ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் பீடிப் புகை போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புகை உட்கார்ந்துகொள்ளும். புகைதான் ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, சாகிற வரைக்கும் பீடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிலோமினா தன் பங்குக்கு, கால் தேறினால் பாண்டி ரோட்டில் கிளியனூரைத் தாண்டி இருக்கும் மாதா கோயிலுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் கைக்குக் கை, கண்ணுக்குக் கண், அப்படி வெள்ளியில் செய்து போடுவார்கள்.

பீடி இல்லாத முதல் மாசத்தை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. சோற்றுத் தட்டை வீசினேன். எட்டாவது படிக்கிற என் மகள் ரீத்தா நான் வீட்டில் இருக்கும்போது பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க மாட்டாள். ஆனால் வாக்கை மீறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஒரு பீடி கூட இல்லை.

தினமும் சாயங்காலம் நான் சுத்தியலை மூலையில் வைத்ததும் பிலோமினா கேட்பாள்: "இன்னிக்கு எத்தினி கம்பம்?" வலி வருவதற்கு முன் எத்தனை கம்பம் தாண்டினேன் என்று கணக்கு. நாலு என்பேன். இரண்டு வாரத்தில் ஐந்தானது. பிறகு ஆறு, எட்டு. ஐப்பசியில் பதினொன்று. பதினொன்று என்று சொன்ன அன்றைக்கு அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, என் கெண்டைச்சதையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே முளைத்திருக்கிற குழாய் கைக்குத் தட்டுப்படும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தச் சந்தோஷத்தை நான்தான் கெடுத்தேன்.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்தேன். வாய் நமநம என்றது. உடம்பெல்லாம் பேஜாராக இருந்தது. பிலோமினா எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வெற்றிலை போடுகிறவள். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. அவள் உதடு எப்போதும் சிவந்தே இருக்கும். அவள் கால் என்ன மோசமாகப் போய்விட்டது? நாள் முழுக்கக் குதிரை மாதிரி நடக்கிறாளே. இதில் புகை ஏது? ரத்தத்தில் போய் உட்கார என்ன இருக்கிறது? எனக்கு ஒரு மடிப்பு கொடு என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் விழுப்புரம் போகிற முறை இருந்தது, கேட்டு வருவதாகச் சொன்னேன்.

போனேன். பதினொன்று என்று சொன்னதும் டாக்டர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்த ஆளைப் பாருங்கள், சொன்னபடி கேட்டான், சதை தானாகவே வழி பண்ணிக்கொண்டது என்று காட்டினார். அந்த நேரத்தில் போய்ப் புகையிலை என்று எப்படி வாயைத் திறப்பது? திறந்தால் கூடாது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது தெரியும். அதைக் காதால் கேட்காத வரைக்கும் அது கூடாதது ஆகாது என்று நினைத்தேன். கேட்காமலே திரும்பினேன். பாசஞ்சரில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"கேட்டேன் பிலோமி. புகைதான் ஆவாதாம். இது பரவால்லன்னாரு."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து, வெற்றிலையின் நரம்பைக் கிள்ளி, தொடையில் துடைத்து, எனக்கு முதல் மடிப்பை மடித்துக் கொடுத்தாள். பீடியை விட்டு இந்த மனுஷன் படுகிற பாட்டுக்கு இதையாவது கொடுக்க முடிந்ததே என்று அவளுக்கு நிம்மதி. அன்றைக்கு மட்டும் மூன்று மடிப்பு. பிறகு அது எட்டு பத்து என்று போனது. வேலைக்குப் போகும்போது வாழைப்பட்டையில் சுற்றி மடியில் கட்டிவிடுவாள்.

கார்த்திகையில் ஒன்பதாவது கம்பத்தில் வலித்தது. மார்கழியில் ஏழு, பிறகு ஐந்து. குளிருக்குக் குழாய் சுருங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் பழியை மார்கழி மேல் போட்டேன். ஆனால் வீட்டில் பன்னிரண்டு என்றேன். கிறிஸ்துமஸுக்குப் பதிமூன்று. ஒரு பொய் சொன்னவன் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கல் சமயம் பதினாலு என்று சொல்லிவைத்தேன். பிலோமினா தன் காதுத் தோட்டை மாற்றி வெள்ளிக் கால் செய்துகொண்டு வந்துவிட்டாள்.

கிளியனூர் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினால் கோயிலுக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும். பதினாலு கம்பம் நடக்கிறவன் அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டாமா? வலி வந்தபோது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அடுத்த முறை மல்லாட்டை விற்கிறவளிடம் நின்று, கடலை படி என்ன விலை என்று கேட்டேன். அதற்கடுத்த முறை, ரோட்டோரம் கட்டியிருந்த யாரோ ஒருத்தர் மாட்டை மெச்சிக்கொண்டு நின்றேன். பிலோமினா முன்னால் ரீத்தாவோடு பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். பீடத்தில் அந்தச் சின்ன வெள்ளிக் காலை வைத்து அவள் அழுதாள். நான் பக்கத்தில் வாயில் எச்சிலை அடக்கிக்கொண்டு நின்றேன். சிவப்பு எச்சில். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாசி தொடக்கத்தில் இடது சுண்டுவிரலில் செருப்பு கடித்தது. மிளகு அளவு புண். ஆறவில்லை. ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? பத்து நாளில் விரல் நீலமானது. உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்கத் தொடங்கியது. இனி மறைக்க வழியில்லை. மேஸ்திரி என் பங்கையும் வேறு ஆள் வைத்துச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டார், நான் தகுதியில்லாதவன் என்று எழுதி வேலையை மாற்றிவிடக் கூடாதே என்று. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வார்டில் யாரும் படுத்துத் தூங்க மாட்டார்கள். படுத்தால் காலுக்கு ரத்தம் இன்னும் குறையும், வலி உயிரை வாங்கும். அதனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே விடிய வேண்டும். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு தொங்கும் கால். சில கட்டிலில் ஒரு கால்தான் தொங்கும். அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. எறும்பு, நெருப்பு, ஊசி என்றெல்லாம் ஆட்கள் சொல்வார்கள். எதுவும் இல்லை. வெட்டிப் போட்டுவிடு சாமி என்று வாய் தானாகச் சொல்லும், அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் வானூர் பக்கத்து விவசாயி ஒருத்தர். ஒரு கால் ஏற்கெனவே போனவர். மற்றக் காலையும் வைத்துக்கொண்டு கக்கூஸில் பீடி குடித்துவிட்டு வருவார். நான் அவருக்குப் புத்தி சொன்னேன். பீடியை விட்டு ஏழு மாசம் ஆகிறது, என்னைப் பாரும் என்றேன். கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிலோமினா தினமும் திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவாள். தூக்கில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். என் பழைய கம்பளிச் சட்டையை வெட்டி இரண்டு காலுறை தைத்துக்கொண்டு வந்தாள். ரீத்தா பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு எனக்காகப் பக்கத்து வீட்டில் கதைப் புத்தகம் இரவல் வாங்கி அனுப்பினாள். ரயில்வே உத்தியோகம் என்பதால் மருந்துச் செலவு என் தலையில் விழவில்லை, அந்தக் கஷ்டம் மட்டும் இல்லை.

டாக்டருக்குக் குழப்பமாக இருந்தது. பீடியை விட்டவன், நடந்தவன், தேறி வந்தவன் ஏன் திரும்பினான்? பீடி குடிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். மாதா மேல் சத்தியமாக இல்லை என்றேன். அவர் நம்பினார். இடுப்புக்குப் பக்கத்தில் அறுத்து ஒரு நரம்பை வெட்டினார். குழாயைச் சுருங்கச் சொல்லுகிற நரம்பாம் அது, அதை வெட்டினால் மிச்சமிருக்கும் சின்னக் குழாய்கள் விரியுமாம். அறுவை முடிந்து இரண்டு நாள் என் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. பிலோமினா தன் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது நாள் பாதம் மறுபடி சில்லிட்டது. பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியது.

ஐந்தாவது நாள் காலை. பிலோமினா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான். டாக்டர் வழக்கமாகப் பத்து மணிக்கு வருவார், அதற்குள் நான் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுவேன். அன்றைக்கு எட்டரைக்கே வந்துவிட்டார். அவள் மறைக்கவில்லை. அவள் ஏன் மறைக்க வேண்டும்? புகையிலையைக் கிள்ளி வைத்து, மடித்து, அவர் கண் முன்னாலேயே என்னிடம் நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். இது எத்தனை நாளாக என்று கேட்டார்.

"ஐப்பசிலேர்ந்து சார். நீங்கதான் புகை ஆவாது, இது பரவால்லன்னு சொன்னீங்களாமே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அவர் அந்த வெற்றிலையை மறுபடி மடித்தார், மெதுவாக, அவள் மடித்தது போலவே.

"புகையிலை எந்த வழியா உள்ள போனாலும் குழாய சுருக்கும்மா. நான்தான் சரியா சொல்லாம விட்டுட்டேன்."

பிலோமினா எழுந்து, தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பிறகு வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இல்லை. வந்ததும் டாக்டரைத் திட்டத் தொடங்கினாள். படித்தவன் பேசுகிற பேச்சா இது, ஒரு வார்த்தையில் என் குடியைக் கெடுத்தானே, அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்குமா என்று. அவள் அப்படி யாரையும் சபித்து நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் இல்லாத சுண்டுவிரல் வலித்தது. அது இன்றைக்கும் வலிக்கிறது. தையல் பிரிக்கிற அன்றைக்கு வார்டில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது டாக்டரிடம், ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"உனக்காக சொல்லல சூசை. அந்தம்மா தன் கையப் பாத்துக்கினு நின்னாங்க பாரு. யாரையாவது திட்டாம அந்தக் கையோட அவங்க எப்படி சமைக்கறது? நீ சொல்லுவேன்னு நெனச்சேன். நீ சொல்லல."

நான் ஊருக்கு வந்தேன். ரயில்வேயில் சுத்தியலை வாங்கிக்கொண்டு வெயிட்டிங் ரூம் காவலுக்கு மாற்றினார்கள். ஈஸ்டர் கழிந்து பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்துவிட்டார். முட்டி போட முடியாததால் உட்கார்ந்தே சொன்னேன். கடவுளிடம் மன்னிப்பு வாங்குவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. வீட்டில் பிலோமினா தினமும் என் வெட்டின காலின் முனையைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவும்போது அந்த டாக்டரைச் சபிப்பாள். உம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் அதற்குப் பிறகு வெற்றிலையைத் தொடவில்லை. உதடு வெளுத்துப் போய், வேறு யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள். இரண்டு வருஷம் இப்படி.

நானும் எதையும் தொடவில்லை. பீடியும் இல்லை, புகையிலையும் இல்லை. என்ன பிரயோசனம்? இந்த வருஷம் சித்திரையில் பிளாட்பாரத்தில் கக்கத்தில் தாங்குகட்டையோடு நடந்துகொண்டிருந்தபோது, வலது கெண்டைச்சதையைப் பிழிந்தது. அதே பிழிதல். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு தடவை பார்த்தவனுக்கு அடையாளம் தெரியாதா?

விழுப்புரம் போக வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். பிலோமினா ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். அந்தக் கொலைகாரன் கையில் இன்னொரு காலையும் கொடுக்க மாட்டேன், பூண்டு அரைத்துப் பத்துப் போட்டாலும் போடுவேன், அவனிடம் மட்டும் வேண்டாம் என்றாள். ஒரு மாசம் அப்படியே போனது. கால் சில்லிட்டுக்கொண்டே வந்தது. சொல்லாவிட்டால் இருக்கிற காலும் போய்விடும், அதனால் சொன்னேன். மனசு திருந்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிலோமி, நான் அவர கேக்கவே இல்ல. கேட்டேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி கல் பொறுக்கியது. முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தப் புண்ணியவானுக்கு ரெண்டு வருசமா மண்ண வாரித் தூத்தினேனே."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். எழுந்திருக்கப் போனவள் நின்று, வெள்ளிக் கால் கொண்டுபோன அன்றைக்கு உண்மையில் எத்தனை கம்பம் என்று கேட்டாள். ஐந்து என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் வண்டிக்கு விழுப்புரம் போனோம். வழியெல்லாம் அவள் மடியில், டாக்டருக்கென்று வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அவருடைய அறைக் கதவில் வேறு பேர் எழுதியிருந்தது. அவர் மாற்றலாகிப் போய் ஏழு மாசம் ஆயிற்றாம். எங்கே என்று கேட்டதற்குத் தெற்கே எங்கேயோ என்றார்கள். பிலோமினா அந்தப் பேர்ப்பலகை முன்னால் பழத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். புது டாக்டர் சின்னப் பையன். அவரும் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். நடங்கள், சதைக்கு மூச்சு முட்டட்டும், புதுக் குழாய் கிளைக்கலாம். கிளைக்கும் என்று சொல்லவில்லை, கிளைக்கலாம் என்றார். வாயில் புகையிலை உண்டா என்று முதலிலேயே கேட்டார். இல்லை என்றேன். பிலோமினா என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரிடம், தனக்குத் தெரியாது என்று சொன்னாள்.

இதுதான் நடந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். புகையிலையைச் சுருட்டினாலும் மென்றாலும் மூக்கில் போட்டாலும் குழாய்க்கு ஒன்றுதான். கேட்க பயமாக இருக்கும் கேள்வியை முதலில் கேளுங்கள்.

இப்போது தினமும் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஸ்டேஷன் எல்லையைத் தாண்டிப் பாதை ஓரமாக நடக்கிறேன். நான் தாங்குகட்டையோடு முன்னால், அவள் நாலடி பின்னால். எத்தனை கம்பம் என்று அவள் என்னைக் கேட்பதில்லை. வாய்க்குள் அவளே எண்ணிக்கொண்டு வருகிறாள். போன மாசம் ஏழு இருந்தது. நேற்றுத் திரும்பி வரும்போது, பரவாயில்லை, இன்றைக்கு ஆறு வந்துவிட்டதே என்றேன்.

"அஞ்சு" என்றாள்.